கருப்பட்டிக் கடலை மிட்டாய் என்று நம்பி 11,400 ரூபாய் ஏமாந்தேன்: விசேஷத்துக்கு வாங்குவோர் கவனிக்கவும்

சென்ற வாரம் என் பேத்தியின் காதணி விழா. தாம்பூலப் பையில் வைப்பதற்காக, தென் மாவட்ட நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய தின்பண்டக் கடையொன்றில், 'கோவில்பட்டி கருப்பட்டிக் கடலை மிட்டாய்' என்று அச்சிட்ட 300 பாக்கெட்டுகளை, ஒன்று 38 ரூபாய் வீதம் 11,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

கடைக்காரர் தட்டிலிருந்து ஒரு துண்டை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார், கருப்பட்டி மணத்தது. "நம்ம பட்டறையில காய்ச்சினது அண்ணாச்சி, பேத்தி விசேஷத்துக்குக் கெட்ட சரக்கு குடுப்பேனா?" என்றார். அந்தச் சொல்லை நம்பி, மூடிய பாக்கெட்டில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல், துண்டுச் சீட்டுக் கணக்கை வாங்கிக்கொண்டு ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டேன்.

விழாவன்று காலை பைகளில் அடுக்கும்போது, ஸ்டிக்கர் தடித்திருப்பதைக் கண்ட என் தங்கை அதை நகத்தால் உரித்தாள். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: வேறு மாவட்டத்து முகவரி, நிலக்கடலை, சர்க்கரை, திரவ குளுக்கோஸ், செயற்கை நிறம். கருப்பட்டி என்ற சொல்லே இல்லை. மேல் ஸ்டிக்கரில் இருந்த உணவு உரிம எண்ணை எண்ணினோம்; 14 இலக்கங்களுக்குப் பதில் 13 தான் இருந்தன. 2020இல் தன் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்ற ஓர் ஊரின் பெயரை இப்படியா ஒட்டி விற்பார்கள்!

தொலைபேசியில் முதலில் "சரக்கு மாறியிருக்கும்" என்றார்கள்; மறுநாள் "முதலாளி ஊரில் இல்லை"; அதற்கடுத்த நாள் "பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்". இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை. 11,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன பிறகுதான் சட்டம் எனக்குப் புரிந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால், பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம். பேத்தியின் விழாவுக்கு மிட்டாய் வாங்குகிற எவர் அப்படிச் சொல்வார்? இனி அதிகாரியே கடைக்குப் போய் மாதிரி எடுத்தால்தான் வழக்கு. தவறான லேபிளுக்கு 52ஆம் பிரிவின்கீழ் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றாலும், அது அரசுக்குத்தான் போகும். என் 11,400 ரூபாய்க்கு நான் நுகர்வோர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். தட்டில் தருவதை நம்பாமல், மூடிய பாக்கெட்டைப் பிரித்துச் சுவைத்துப் பாருங்கள். ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள், உரிம எண்ணை எண்ணுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம். உரிம எண் அச்சிட்ட பில் கேளுங்கள், 2022 முதல் பில்லில் அது கட்டாயம். ஏமாந்துவிட்டால் மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள். என்னிடம் 291 பாக்கெட்டுகள் பிரிக்காமல் இருக்கின்றன, திங்கட்கிழமை ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.