டோக்கனைப் பிடிக்க ரெகெக்ஸா, பவுண்டரியா?

சத்துவாச்சாரியில் மூன்றே பேர் உட்காரும் அலுவலகம் எங்களுடையது. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைத் தளத்துக்கு ஜேமீட்டரில் (ஒரே நேரத்தில் பலர் வந்தால் தளம் தாங்குமா என்று பார்க்கும் கருவி) லோடு டெஸ்ட் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு லாகினுக்கும் சர்வர் புது டோக்கன், அதாவது ஒரு அடையாளச் சரம், கொடுக்கும். அதைப் பிடித்து அடுத்த ரிக்வெஸ்ட்டில் திருப்பி அனுப்ப வேண்டும். குக்கீயைக் குக்கீ மேனேஜரே பார்த்துக்கொள்ளும். பதில் ஜேசான் வடிவத் தரவாக வந்தால், அதிலிருந்து மதிப்பைப் பிடித்தெடுக்க ஜேசான் எக்ஸ்ட்ராக்டர், அதில் யோசிக்க எதுவுமில்லை. எங்களுக்கு வந்ததோ எச்டிஎம்எல் பக்கம்.

முதலில் பவுண்டரி எக்ஸ்ட்ராக்டர்தான் போட்டோம். 4.0 பதிப்பில் வந்தது. இடது எல்லை, வலது எல்லை கொடுத்தால் வேலை முடிந்தது. இன்னொரு லோடு டெஸ்ட் கருவியான லோட்ரன்னரில் பழகிய கைக்கு உடனே வரும். ரெகெக்ஸைவிட (எழுத்துகள் வரும் வடிவத்தை விதியாக எழுதித் தேடும் முறை) சிபியுவுக்கும் சுமை குறைவு.

ஆனால் பராமரிப்பில் சறுக்கியது. இரண்டாம் வாரம் டெவலப்பர் டோக்கன் இருந்த மறைவு இன்புட் டேக்கில் நேமுக்கும் வேல்யூவுக்கும் நடுவே ஒரு ஐடி சேர்த்தார். எங்கள் இடது எல்லை எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டியது, பொருந்தவில்லை. "அண்ணா, எல்லாம் 200தான் வருது, பச்சையாத்தான் இருக்கு" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. 200 என்றால் சர்வர் 'சரி' சொன்னதாக அர்த்தம். திறந்து பார்த்தால் வந்தது அத்தனையும் லாகின் பக்கம். அரை நாள் ரிப்போர்ட் வீண்.

ரெகெக்ஸுக்கு மாறியது அதனால்தான். நேமுக்கும் வேல்யூவுக்கும் நடுவில் [^>]* என்று எழுதினால், அந்த டேக்குக்குள் இடையில் எது நுழைந்தாலும் தாண்டிப் போகும். மதிப்புக்கு ([^"]+). சோம்பலில் .+ போட்டால் அந்த வரியின் கடைசி மேற்கோள்குறி வரை விழுங்கிவிடும். டெம்ப்ளேட் $1$ (அடைப்புக்குள் பிடித்த மதிப்பு), மேட்ச் நம்பர் 1 (முதலில் பொருந்தியது). அங்கே 0 இருந்தால் பொருந்தியதில் ஏதோ ஒன்றை எடுத்துத் தரும். எந்த எக்ஸ்ட்ராக்டரானாலும், எதுவும் பொருந்தாதபோது வரும் டிஃபால்ட் மதிப்பில் "டோக்கன்_இல்லை" என்று எழுதி, அது வந்தால் ஃபெயிலாகும்படி ஒரு அசெர்ஷன் (பதிலைச் சரிபார்க்கும் விதி) வையுங்கள். முதல் வாரமே இதைச் செய்திருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும்.

வேல்யூ முன்னால், நேம் பின்னால் என்று வரிசையே புரண்டால் ரெகெக்ஸும் விழும். டேக்கை அதன் பெயரை வைத்தே தேடும் சிஎஸ்எஸ் செலக்டர் எக்ஸ்ட்ராக்டர் அசையாது. பக்கத்தை அடிக்கடி மாற்றும் டீம் என்றால் ஃபார்ம் டோக்கனுக்கு அதையே எடுக்கலாம். பக்கம் முழுவதையும் பார்ஸ் செய்வதால் சுமை கூடும்; நாங்கள் ஓட்டியது 200 பயனர் வரைதான், அந்த அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எங்களுக்கு அது போதாமல் போனது வேறு காரணத்தால். இரண்டாவது டோக்கன் பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட்டுக்குள், மூன்றாவது ரீடைரக்ட்டின் (சர்வர் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது) லொகேஷன் ஹெடரில். அங்கெல்லாம் செலக்டருக்கு வேலையில்லை, ரெகெக்ஸ் எட்டும். ஃபாலோ ரீடைரக்ட்ஸ் டிக் செய்திருந்தால் அந்த ஹெடர் சப் சாம்பிளில் (முதன்மைப் பதிவின் கீழ் வரும் இடைப் பதில்) இருக்கும். எக்ஸ்ட்ராக்டரில் சப் சாம்பிளையும் சேர்த்துத் தேடச் சொல்ல மறக்காதீர்கள்.