நிச்சய மோதிரம்: 916 தங்கமா, வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா?

எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியது 916 மஞ்சள் தங்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவது நடுவர் தீர்ப்பு இல்லை, ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவதுதான். எனக்கு நிச்சயமானவருக்குப் பிளாட்டினத்தின் மேல் ஆசை. என் தங்கைக்கு வெள்ளைத் தங்கம், "இப்ப எல்லாரும் அதான் போடுறாங்க" என்பது அவள் வாதம். அம்மாவுக்கு மஞ்சளாக இல்லாத எதுவும் நகைக் கணக்கிலேயே சேராது. மலேசியாவில் எங்கள் பக்கத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பார்த்தது போதாமல் ஈப்போ லிட்டில் இந்தியா வரைக்கும் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினோம். விற்பனைப் பெண்கள் சொன்னதை விட, வாங்கிய பிறகு என்ன ஆகும் என்று கேட்டபோது கிடைத்த பதில்கள்தான் உபயோகமாக இருந்தன.

எண்களை மட்டும் சட்டென்று சொல்லிவிட்டுப் போகிறேன். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட், மீதி செம்பும் வெள்ளியும். வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் 750, அதாவது 18 காரட். மீதி 250 பங்கில் நிக்கலோ பலேடியமோ கலந்து மஞ்சளை வெளுக்க வைத்து, அதற்கு மேல் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தால் முலாம் பூசுகிறார்கள். பிளாட்டினத்தில் 950 என்று முத்திரை இருக்கும். 999 தங்கம் சீனர் கல்யாணச் சீருக்குச் சரி, தினமும் விரலில் கிடக்கிற மோதிரத்துக்கு ரொம்ப மிருது. வெள்ளி மோதிரத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. ரப்பர் மரம் துளிர்க்கும் பருவத்தில் தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள், கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், பாட்டியின் மெட்டியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அழகைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வைரம் வெள்ளை உலோகத்தில்தான் எடுப்பாக இருக்கும், மஞ்சளில் வைத்தால் கல்லிலும் கொஞ்சம் மஞ்சள் தட்டும், யாரும் மறுக்க முடியாது.

பிளாட்டினத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. ஈப்போ கடையில் ஒரே அச்சில் செய்த மாதிரி இருந்த இரண்டு மோதிரங்களை இரண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், பிளாட்டினம் வைத்த கை தெரிந்தே இறங்கியது. 18 காரட் தங்கத்தை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை வரும். அதன் வெள்ளை நிறம் அதனுடைய சொந்த நிறம், முலாம் கிடையாது, தேய்ந்து உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்க்கும் என்ற பயமில்லை. கீறல் விழும், ஆனால் உலோகம் உதிராமல் ஓரமாக ஒதுங்கும், அதனால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் சீக்கிரத்தில் மெலிவதில்லை. விலையிலும் பழைய கதை மாறிவிட்டது. 2008இல் தங்கம் ஓர் அவுன்ஸ் 1,000 அமெரிக்க டாலரை எட்டிப் பார்த்த சமயத்தில் பிளாட்டினம் 2,000 டாலருக்கு மேல் இருந்தது. 2015 வாக்கில் பிளாட்டினம் தங்கத்துக்குக் கீழே போனது, அதற்குப் பிறகு எட்டிப் பிடிக்கவில்லை. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரையும் தாண்டியது. அதனால் உலோக விலையை மட்டும் பார்த்தால் "பிளாட்டினம் பணக்காரர் சமாச்சாரம்" என்கிற பேச்சு இன்றைக்குச் செல்லாது. அவர் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்.

நான் அசையாமல் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான், அடகு.

நிச்சயதார்த்த மோதிரம் வாங்கும் நேரத்தில் அடகைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் அபசகுனம் என்று வாயை மூடச் சொல்வார்கள். சொல்லட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் அடகுக்குப் போகாத நகை எது என்று அவர்களிடமே கேட்டால் பதில் வராது. அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. மரம் ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது, வருஷக் கடைசி மழையில் வேலை நாள் பாதியாகும், அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறக்கும். அம்மாவின் வளையல் அந்த வாரம் ஊருக்குள் போகும், தீபாவளிக்குள் எப்படியாவது திரும்பி வரும். யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை, அது வீட்டுக் கணக்கில் ஒரு வரி. இப்போது நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம், மாப்பிள்ளைக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் மாதச் சம்பளம், எனக்கும் வேலை இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் அவசரத்துக்கு முதலில் கையில் கிடைப்பது நகைதான்.

மலேசியாவில் அடகுக்கடைகள் 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. மாதத்துக்கு அதிகபட்சம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. ஆயிரம் ரிங்கிட் வாங்கினால் மாதம் 20 ரிங்கிட், ஆறு மாதத்தில் 120. அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகும் இருக்கிறது, அங்கே வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கட்டணம் வாங்குவார்கள், நம்மவர்களும் வைக்கலாம், நிறையப் பேர் வைக்கிறார்கள். எங்கே போனாலும் அங்கே பேசப்படும் பொருள் தங்கம்.

பெரியம்மா மகளுக்குக் கல்யாண மோதிரம் பிளாட்டினம். அத்தானுக்கு ஓவர்டைம் நின்றுபோன ஒரு மாதம், அக்காவுக்குத் துணையாக நானும் அடகுக்கடைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் மோதிரத்தை வாங்கி, கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து 950 முத்திரையைப் பார்த்தான். தராசில் போட்டான். உரைகல்லைக் கையில் எடுத்தான், கொஞ்சம் யோசித்தான், உரசாமலே கீழே வைத்துவிட்டு மோதிரத்தைத் தட்டோடு இந்தப் பக்கம் தள்ளினான்.

"இது நாங்க எடுக்கிறதில்லக்கா. தங்கம் எதாச்சும் இருக்கா?"

அக்கா கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றினாள். அதை உரசி, அமிலம் ஒரு சொட்டு விட்டு, எடை போட்டு, சீட்டு எழுதி, பணம் எண்ணிக் கொடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மோதிரம் சங்கிலியை விட அதிக விலை கொடுத்து வாங்கியது.

அந்தப் பையன் மேல் தப்பு இல்லை. ஊர் பத்தரிடம் கேட்டபோது காரணத்தை அவர்தான் விளக்கினார். தங்கத்தை உரைகல்லில் இழுத்தால் மஞ்சள் கோடு விழும், நைட்ரிக் அமிலம் விட்டால் செம்பும் பித்தளையும் கரைந்துபோகும், தங்கக் கோடு நிற்கும், நிற்கிற கோட்டின் நிறத்தைப் பார்த்தே இத்தனை காரட் என்று பழகிய கண் சொல்லிவிடும். பிளாட்டினம் வெள்ளையாகக் கோடு போடும், அமிலத்தில் கரையாது. ஆனால் துருப்பிடிக்காத எஃகும் வெள்ளைக் கோடுதான், அதுவும் நைட்ரிக் அமிலத்துக்கு அசையாது. அப்போது கல்லும் அமிலமும் வைத்திருக்கும் கடைக்காரன் எதை நம்பிப் பணம் கொடுப்பான்? தண்ணீரில் போட்டு அடர்த்தி பார்க்க வேண்டும், அல்லது எக்ஸ்ரே கருவி வேண்டும். முத்திரையை மட்டும் நம்பிக் காசு கொடுத்தால் அவன் கடை நடத்த முடியாது.

சரி, அடகு வேண்டாம், விற்றுவிடலாம் என்றால் அங்கேயும் இதே இடிதான். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், 916 அதற்கும் கீழே, பத்தர் தன் பட்டறையில் கேஸ் விளக்கை வைத்து உருக்கி அடுத்த நாளே வேறு நகையாக அடித்துவிடுவார். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். அதற்கான சுவாலையும் மூசையும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இல்லை. வாங்கினாலும் அவர் அதைச் சுத்திகரிப்பவருக்குத்தான் அனுப்ப வேண்டும், அந்தச் செலவையெல்லாம் கழித்துக்கொண்டுதான் நமக்கு விலை சொல்வார். உலகச் சந்தையில் பிளாட்டினத்துக்கு என்ன விலை என்று போனில் காட்டி அவரிடம் வாதாட முடியாது. அவருக்கு அது ஒரு தொல்லை.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். பெரிய கடைகளில் கருவி இருக்கிறது, தங்களிடம் வாங்கிய பிளாட்டினத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. நான் சொல்வது மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் என்ன கிடைக்கும் என்கிற கணக்கு.

வெள்ளைத் தங்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும் கேஸ். அடகுக்கடையில் எடுப்பார்கள், தங்கம்தானே, ஆனால் 750 கணக்கில். ஐந்து கிராம் மோதிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 916இல் சுத்தத் தங்கம் 4.58 கிராம், 750இல் 3.75. கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள், சின்ன வைரத்துக்கு அடகுக்கடையில் காசு எதிர்பார்க்காதீர்கள். இது போக முலாம். ரோடியம் பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும், மோதிரத்தின் அடிப்பக்கம் உராய்ந்து உராய்ந்து ஒன்றிரண்டு வருஷத்தில் உள்ளே இருக்கும் வெளிர்மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும், திரும்பப் பூச வேண்டும். எங்கள் ஊரில் வாங்கி வைத்து ஈப்போவுக்கு அனுப்புவார்கள், வரும்போது வரும். நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்கு விரல் அரிக்கும், அதைக் கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் தண்ணீரில் கை விட்டுத் துடைப்பவர்கள் கழற்றி வைக்க வேண்டும், குளோரின் இந்தக் கலப்பு உலோகத்தில் உள்ளுக்குள் விரிசல் விட வைக்கும். தங்கைக்கு இதையெல்லாம் சொன்னேன். அவள் போனில் படம் காட்டினாள். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

916க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். மிருதுவான உலோகம். மோட்டார் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததிலேயே அடிப்பக்கம் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கிறது. மெல்லிய வளையமாக வாங்கினால் வட்டம் நெளியும். கல்லை நான்கு கொக்கியில் தூக்கி நிறுத்தும் மாடலை 916இல் கேட்டபோது பத்தர் முகம் கொடுக்கவில்லை. "செஞ்சு தருவேன்மா, ஆனா கல்லு காணாமப் போனா என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். அதனால் கல்லைச் சுற்றி விளிம்பை மடக்கிப் பதிக்கும் பழைய முறைக்குப் போனோம், வளையத்தையும் கொஞ்சம் கனமாக்கினோம். கல் கொஞ்சம் அமுங்கித் தெரிகிறது, பெரிய ஒற்றைக்கல் மோகம் உள்ளவர்களுக்கு இது பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு 750 மஞ்சள் தங்கம்தான் சரி என்பேன். முலாம் வேண்டாம், கொக்கி கொஞ்சம் உறுதி, அடகிலும் போகும். ஏனோ அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை, கேட்டால்தான் உள்ளே இருந்து வருகிறது.

அளவு மாற்றுவதையும் மறக்க வேண்டாம். பிள்ளை பெற்றால் விரல் மாறும், வயசானால் மாறும். 916 மோதிரத்தை வெட்டி, ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்துத் தேய்த்துக் கொடுப்பது எந்தப் பத்தருக்கும் கைவந்த வேலை, பக்கத்துக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். பிளாட்டினத்தை விற்ற கடைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மாப்பிள்ளை மோதிரம் தனிக் கதை. முஸ்லிம் ஆண்கள் தங்கம் அணிவதில்லை, அதனால் மலாய் மாப்பிள்ளைகளுக்கென்று பிளாட்டினம், பலேடியம் மோதிரங்களை ஊர்க் கடைகளிலேயே வைத்திருக்கிறார்கள், தேர்வுக்குக் குறைவில்லை. இவர் ஆசைக்கு அங்கேயே ஒரு பிளாட்டினம் வாங்கிக்கொண்டார், மெல்லியதாக, கல் இல்லாமல். நான் தடுக்கவில்லை. ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவில் மோதிரம் போட்டால் விரலுக்கே ஆபத்து, வேலை நாளில் அது அலமாரியில்தான் இருக்கும், அடகுக்குப் போகும் வரிசையிலும் அது இல்லை. பலேடியம் லேசாக இருக்கிறது, கையில் போட்டுப் பார்த்ததோடு சரி, வருஷக்கணக்கில் உழைக்குமா என்பதைப் போட்டிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினாலும் ரசீதில் கல் நீங்கலான எடை, தரம், கல்லின் விலை, செய்கூலி நான்கும் தனித்தனி வரியாக வேண்டும். செய்கூலி ஒருநாளும் திரும்ப வராது, அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் எவ்வளவு காசு உலோகத்தில் நிற்கிறது என்று தெரியும். எங்களுக்கு ஒரு கடையில் மொத்தமாக ஒரே தொகை எழுதிக் கொடுக்கப் பார்த்தார்கள், பிரித்து எழுதச் சொன்னதும் "கம்ப்யூட்டரில் அப்படி வராது" என்றார்கள். மூன்று கடை தள்ளி இருந்தவர் கார்பன் தாள் வைத்துக் கையாலேயே எழுதிக் கொடுத்தார், அவரிடம்தான் வாங்கினோம்.