எந்தச் சட்டைக்கு எந்தப் பூச்சு?

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான குட்டிப் பொம்மை ஒன்றை, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க் காலத்துப் பிரிட்டிஷ் காலாள் ஒருவனை, 28 மி.மீ. அளவில் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோட்டு, அதன்மேல் பெருக்கல் குறிபோல இரண்டு வெள்ளை வார்கள், சாம்பல் கால்சட்டை, முதுகில் கறுப்புப் பை. இவனைப் போலவே இன்னும் 35 பேர் மேசையில் காத்திருக்கிறார்கள். இவர்களுக்கு நிறம் பூச மூன்று முறைகளில் எது, அடுக்குப் பூச்சா, கான்ட்ராஸ்ட் பெயிண்டா, டிப்பா என்ற சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பூசுகிறவரின் கைத்திறனை வைத்தே பலரும் இதற்குப் பதில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், பொம்மை போட்டிருக்கும் துணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுக்குப் பூச்சுதான் மூத்த முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று சாயல்: அடியில் இருட்டு, மேலே நடுத்தரம், மடிப்பின் விளிம்பில் வெளிச்சம். பொம்மைக்கான பெயிண்ட் விற்கும் ஃபவுண்ட்ரி நிறுவனம் தன் பெயிண்டுகளை மூன்று மூன்று புட்டிகளாகவே வகுத்து வைத்திருக்கிறது. கறுப்பு பிரைமரின் (நிறம் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) மேல் பூசும்போது, வாருக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்குக் கறுப்பை விட்டுவிடலாம். கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஆடுகிறவர் கண்ணுக்கு வாரையும் கோட்டையும் பிரித்துக் காட்டுவது அந்த இழைதான். தூரிகை வழுக்கினாலும் கவலையில்லை, மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைத்துவிடலாம்.

வெள்ளைத் துணிக்கோ இதை விட்டால் வேறு கதியே கிடையாது. நேராக வெள்ளையை அடித்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். வெளிர் சாம்பலில் தொடங்கி, மேடான இடத்துக்கு மட்டும் சுத்த வெள்ளையை வைக்க வேண்டும். சிவப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணச் சிப்பாயின் கோட்டு மேடர் என்ற செடியின் வேர்ச்சாயத்தில் தோய்த்தது, கொஞ்சம் செங்கல் நிறம் அடிக்கும். அதிகாரியின் கோட்டு காச்சினீல் பூச்சியின் சாயம், பளீரென்று இருக்கும். அடிச்சாயலை மாற்றினால் போதும், 36 பேருக்கு நடுவில் அதிகாரி எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியதில்லை. விலை என்னவென்றால் பொறுமை. இருபதாவது ஆளின் இடது வாரைப் பூசும்போது, இந்தப் பொழுதுபோக்கை ஏன் எடுத்தோம் என்று ஒரு தடவையாவது தோன்றும்.

அந்தச் சலிப்பைக் குறிவைத்து வந்ததுதான் 2019இல் பிரிட்டிஷ் பொம்மை விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் இறக்கிய சிட்டாடல் கான்ட்ராஸ்ட். வெளிர் பிரைமரின் மேல் பூசினால் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் கிடைத்துவிடும். பழங்கால ஐரோப்பியக் குடிகளான கெல்டியரின் படை வைத்திருப்பவர்களுக்கு இது வரம். ஒருவன் சட்டை போல இன்னொருவனுக்கு இல்லை, எல்லாம் கம்பளி, தோல், முடி, வெற்றுடம்பு. எங்கு பார்த்தாலும் மேடுபள்ளம். அதே பெயிண்டை நம் சிவப்புக் கோட்டுக்காரன்மேல் பூசுங்கள்: தட்டையான முதுகுப் பையிலும் கோட்டின் வாலிலும் திட்டுத்திட்டாகத் தேங்கும். வாரில் ஒரு சொட்டு சிந்தினால், வெள்ளையை மறுபடி போட்டுத்தான் சரிசெய்ய முடியும், ஏனென்றால் இது ஒளி ஊடுருவும் பெயிண்ட், எதையும் மறைக்காது. இதே வகைப் பெயிண்டான, ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஸ்பீட்பெயிண்ட் 2022இல் வந்தபோது இன்னொரு தொல்லையும் இருந்தது: காய்ந்த பின்னும் ஈரத்தூரிகை பட்டால் கரைந்து கிளம்பிவிடும். அடுத்த ஆண்டே இரண்டாம் பதிப்பில் சரிசெய்தார்கள். பழைய புட்டி கையில் இருந்தால் எச்சரிக்கை.

டிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டை நிறங்களைப் பூசி முடித்து, மேலே நிறமேற்றிய வார்னிஷைத் தடவ வேண்டும். பெயரைப் பார்த்து உருவத்தை டப்பாவில் முக்கி உதறாதீர்கள், பாதி வார்னிஷ் சுவருக்குப் போய்விடும். தூரிகையால் தடவுவதே மேல். காய ஒரு நாளாவது விட வேண்டும், பிறகு அந்த மினுமினுப்பை அடக்க மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் பாசி படர்ந்தாற்போல வெள்ளைப் படலம் விழும். காக்கிச் சீருடைக்கும் சங்கிலிக் கவசத்துக்கும் பழுப்பு டிப் அருமையாகப் பொருந்தும். வெள்ளை வாரிலோ டீக்கறை போலத் தெரியும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கைபட்டுக் கைபட்டு நிறம் உரியும் உலோக உருவங்களுக்கு இந்தத் தடித்த வார்னிஷ் போலக் காவல் வேறில்லை.

ஆகவே நம் 36 பேருக்குக் கோட்டும் வாரும் அடுக்குப் பூச்சில்; முகம், கை, துப்பாக்கிக் கட்டை எல்லாம் கான்ட்ராஸ்டில். முறைகளைக் கலக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸ் விஷயத்தில் போட்டி இன்னும் எளிது. போல்ட் ஆக்‌ஷன் போல ஆளுக்கு ஆள் நகரும் ஆட்டத்துக்கு 25 மி.மீ. வட்டத் தனி பேஸ். வரிசையாக நகரும் படைக்கு, பல உருவங்களை ஒன்றாக ஒட்டும் கூட்டு பேஸ். பழங்காலப் போர்களுக்கான டிபிஏ என்ற ஆட்டத்தின் விதியில் 15 மி.மீ. உருவங்களுக்கு அதன் முகப்பு 40 மி.மீ., 25 மி.மீ. உருவங்களுக்கு 60. எனக்குக் கூட்டு பேஸ்தான் பிடிக்கும். ஆள் விழுந்து கிடப்பதையும் உருண்ட முரசையும் வைக்க அதில்தான் இடம் உண்டு, துப்பாக்கி முனைக் கத்தியைப் பிடித்துத் தூக்கி வளைக்கிற விரல்களிடமிருந்தும் உருவம் தப்பிக்கும். தனி பேஸ்களை டிரேயில் அடுக்கி இரண்டுக்கும் பயன்படுத்தலாம்தான். ஆனால் இடைவெளிகள் பல்வரிசை போலத் தெரியும்.

பேஸின் தரைக்கு மணலும் பிவிஏ என்ற வெள்ளைப் பசையும் மலிவு, சொரசொரப்பான டெக்ஸ்ச்சர் பேஸ்ட் விரைவு. அட்டை பேஸில் பசை காயும்போது விளிம்பு வளையும், எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகை அவ்வளவாக வளையாது. மணலுக்குப் பழுப்பு அடித்து, வெளிர் நிறத்தில் ட்ரைபிரஷ் செய்து (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை உரசி), புல்லை அங்கங்கே மட்டும் ஒட்டுங்கள். முழுக்கப் பரப்பினால் போர்க்களம் பூங்காவாகிவிடும். எல்லாப் படைப்பிரிவுக்கும் ஒரே மண், ஒரே விளிம்பு நிறம் வைத்துக்கொண்டால், போன வருஷம் டிப்பில் முடித்த பிரிவையும் இந்த வருஷம் அடுக்கில் முடித்த பிரிவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம்.