சர்வரில் உள்ள வேர்டு ஃபைல் திறக்கவில்லையா: டிரஸ்டட் லொக்கேஷனா, இன்ட்ராநெட் ஸோனா?

முதலில் ஃபைலை டெஸ்க்டாப்பிற்கு காப்பி செய்து திறந்து பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால் ஃபைலே கெட்டிருக்கலாம். வேர்டின் ஓப்பன் பெட்டியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் சரியாகத் திறந்தால் சிக்கல் பெரும்பாலும் சர்வர் பாதையில்தான். அதற்கு இரண்டு வழிகள்.

டிரஸ்டட் லொக்கேஷன் (வேர்டு நம்பும் ஃபோல்டர்): ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், டிரஸ்டட் லொக்கேஷன்ஸ் போய், நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் டிக்கைப் போட்டு ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். உடனே வேலை செய்யும். ஆனால் அந்த ஃபோல்டரில் யார் எதைப் போட்டாலும் மேக்ரோ (ஃபைலுக்குள் இருக்கும் சிறு புரோகிராம்) எச்சரிக்கையின்றி ஓடும். பலர் எழுதும் பொது ஃபோல்டருக்கு இதைச் செய்யவே கூடாது. எக்செல், பவர்பாயின்ட்டுக்குத் தனித்தனியாகவும் சேர்க்க வேண்டும்.

இன்ட்ராநெட் ஸோன் (உள் நெட்வொர்க் என்று விண்டோஸ் நம்பும் முகவரிகள்): சர்வரை 192.168.1.10 போன்ற ஐபி முகவரியால் இணைத்திருந்தால், அதிலுள்ள புள்ளிகளைக் கண்டு விண்டோஸ் அதை வெளி இணையமாக எண்ணுகிறது. ஃபைல் புரொடெக்டட் வியூவில் (படிக்க மட்டும் விடும் பாதுகாப்பு நிலை) மாட்டுகிறது. விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, லோக்கல் இன்ட்ராநெட், சைட்ஸ், அட்வான்ஸ்டு வரை சென்று, எச்டிடிபிஎஸ் டிக்கை எடுத்துவிட்டு முகவரியைச் சேருங்கள். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்; மேக்ரோ எச்சரிக்கையும் அப்படியே இருக்கும். இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். புள்ளியில்லாத சர்வர் பெயரால் டிரைவை மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் இதுகூடத் தேவைப்படாது.

'வேறொருவர் திறந்திருக்கிறார்' என்று வந்தால் இரண்டுமே உதவாது. எல்லோரும் மூடிவிட்டதை உறுதிசெய்து, அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் மறைந்த ஃபைலை நீக்குங்கள்.