ஹீட்டிங் பிரச்சினைக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் ஒர்க்‌ஷாப்கள்: எச்சரிக்கை

கார் சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்தீர்கள். சூடு போய்விட்டது, கூடவே மைலேஜும் குறைந்துவிட்டது என்றால், இன்ஜினின் சூட்டைச் சரியான அளவில் வைத்திருக்கும் வால்வான தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று உடனே பாருங்கள். என் காரில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கழற்றிவிட்டார்கள். பில்லில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

நெரிசலில் நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடும். இதுதான் நான் சொன்ன குறை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. ஆகவே ஃபேன், அதை ஓட வைக்கும் மின் சுவிட்சான ரிலே, ஃபியூஸ், வயரிங் இவற்றைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் செய்தது வேறு. சாவி போட்டதும் சுற்றும்படி ஃபேனுக்கு நேரடியாக வயர் கொடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டார்கள். பில்லில் ரேடியேட்டர் சுத்தம், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றம் என்று மட்டும் இருந்தது. "சார், இனிமே முள் ஏறவே ஏறாது" என்றார் அங்கிருந்த மெக்கானிக்.

முள் ஏறவில்லைதான். ஆனால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 14-ஐத் தொடவே திணறியது. திரும்பப் போய்க் கேட்டால் பெட்ரோல் சரியில்லை, ஓட்டும் விதம் சரியில்லை என்றார்கள். அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங், புது ஸ்பார்க் பிளக் என்று இன்னொரு பில். தாங்களே கழற்றியதால் வந்த குறைக்கு, தெரிந்துகொண்டே சம்பந்தமில்லாத வேலைகளைத் தலையில் கட்டினார்கள். இதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

கொஞ்ச நாளில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. வேறொரு மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகியதும் பி0128 (P0128) என்ற பிழைக் குறியீடு வந்தது. தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய அளவுக்குக் கூலண்ட் சூடேறவில்லை என்பது அதன் பொருள். வேகமாகப் போகும்போது கூலண்ட் 65 டிகிரியைத் தாண்டவே இல்லை. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார், உள்ளே காலி.

"கூலா ஓடினா இன்ஜினுக்கு நல்லதுதானே" என்ற பேச்சை நம்பாதீர்கள். பெரும்பாலான கார் இன்ஜின்கள் 90 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது. பல கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் அது உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும். வால்வே இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து சூடு ரேடியேட்டர் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட, கூலண்ட் சென்சார் சொல்லும் வெப்பத்தைப் பார்த்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். எப்போதும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் மட்டும் நடக்க வேண்டிய வேலை இது. கழற்றிய வண்டியில் அது ஓயாமல் நடக்கலாம். ஆயிலும் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு கூடும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில், இன்ஜின் சூடேறும்வரை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது, மேல் கியர் விழவும் தாமதமாகும். இவ்வளவும் சேர்ந்துதான் மைலேஜைத் தின்கின்றன.

மைலேஜோடு போகிற விஷயமும் இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகும். இல்லையென்றால் ஆயில் நீர்த்து, கசடு சேரும், பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேயும். என் வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே பெட்ரோல் வாடை அடித்தது. டீசல் வண்டி என்றால் இன்னொரு தொல்லை: பல மாடல்களில் இன்ஜின் போதிய சூட்டில் இல்லாவிட்டால் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது, கரி அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் கூலண்ட் இன்ஜினுக்குத் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாது. வண்டிக்குப் பாரம் கூடும்போது, சூட்டைக் குறைக்கிறேன் என்று செய்த வேலையே ஓவர்ஹீட்டில் கொண்டுபோய் விடும்.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் 75 டிகிரிக்கும் 105-க்கும் முள் ஒரே நடு இடத்தில்தான் நிற்கும். ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன ரீடரை போனோடு இணைத்தால் உண்மையான எண் தெரியும். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போயும் 80-ஐத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் இடமே காலி. ரீடர் இல்லையா? ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அப்போதிருந்தே இன்ஜினோடு சேர்ந்து அதுவும் மெதுவாகச் சூடேறினால் சந்தேகப்படலாம். வால்வு இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். தொடும்போது ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே திறக்காதீர்கள்.

கூலிங் வேலைக்கு வண்டியை விட்டால், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். "தெர்மோஸ்டாட் சோதித்தோம், பொருத்தியிருக்கிறோம்" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். என் வண்டிக்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரு ஃபேன் ரிலே. இவர்கள் எடுத்துப் போட்டதற்குப் பதிலாகப் புதுத் தெர்மோஸ்டாட், பெட்ரோல் கலந்ததால் புது ஆயில் எல்லாம் என் செலவு. மைலேஜ் பழையபடி வந்துவிட்டது. முதல் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் பண்றோம்" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த "எல்லா வண்டி"யில் உங்களுடையதும் இருக்கலாம்.