தாத்தாவின் கடிதக் கட்டு போய்ச் சேர்ந்த இடம்

தாத்தாவின் கடிதங்களையும் 43 புகைப்படங்களையும் வட்டார வரலாற்று ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. கடிதங்களில் குத்தியிருந்த துருப்பிடித்த குண்டூசியை எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும்: ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாள் கிழியாமல் பொறுமையாக உருவினார் அங்கிருந்த பணியாளர். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன பாட்டியின் படத்தைப் பிய்க்கவே இல்லை. பக்கத்தோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தார்கள். மற்ற படங்களின் பின்னால் பென்சிலால் லேசாகப் பெயர் (பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்), அப்புறம் அமிலமற்ற உறை. எந்தக் கடிதத்தை யார் பார்க்கலாம் என்று ஒப்படைப்புப் பத்திரத்தில் நாமே நிபந்தனை கேட்கலாம். எனக்கு அதுதான் முக்கியம். ஒப்படைத்தவற்றின் பட்டியல் கைக்கு வர நான்கு மாதம் ஆனது, அது அதிகம். சரி, அத்தையிடம் உள்ள கல்யாணப் படங்களையும் அங்கேயே கொடுக்கப்போகிறேன்.