மூன்று ‘பூ’வில் எந்தப் பூ?

நாய் வாங்குவது என்று வீட்டில் முடிவானதும் மகள் மூன்று பெயர்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: காக்கபூ, கேவபூ, மால்டிபூ. ஊரிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “தாழம்பூ தெரியும், வாழைப்பூ தெரியும். இதெல்லாம் எங்கடா பூக்குது?” என்று கேட்டார்.

பூ என்பது பூடில் நாயின் முதலெழுத்து. காக்கர் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்தால் காக்கபூ. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலோடு பூடில் சேர்ந்தால் கேவபூ. ஆஸ்திரேலியாவில் இதையே கேவூடில் என்பார்கள். மால்டீஸோடு சேர்ந்தால் மால்டிபூ. மூன்றும் பார்க்கக் கரடி பொம்மை மாதிரி இருக்கும். விற்பவர்கள் சொல்லும் வசனமும் ஒன்றுதான்: முடி கொட்டாது, அலர்ஜி வராது, நோய் அண்டாது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். நான்கில் கடைசியை மட்டும் ஓரளவு நம்பலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தது கேவபூ. லட்டு நிறம், பெயரும் லட்டு. மச்சான் வீட்டில் காக்கபூ, டைகர் என்று பெயர். நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பாட்டியம்மாவிடம் மால்டிபூ. மூன்றையும் இரண்டு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பூடில் பாதி மூன்றுக்கும் பொது. நாம் யோசித்துத் தேர்வு செய்யவேண்டியது மறுபாதியைத்தான்.

காக்கர் ஸ்பானியல் வேட்டை நாய். புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்புவது, சுட்டு விழுந்ததைக் கவ்விக்கொண்டு வருவது அதன் வேலை. உட்காக் என்ற பறவையை வேட்டையாட வைத்துக்கொண்டதால் வந்ததுதான் காக்கர் என்ற பெயர். பூடிலும் மடியில் உட்காரப் பிறந்ததல்ல. தண்ணீரில் விழுந்த வாத்தை நீந்திப்போய் எடுத்துவர வளர்த்த இனம். ஆக, காக்கபூவுக்கு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் உழைப்பாளிப் பரம்பரை. டைகருக்குத் தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையும் வேண்டும். மழையோ பனியோ, காலை ஆறரைக்கு மச்சான் ரெயின்கோட்டோடு பூங்காவில் நிற்பார். நிற்காத நாளில் சோபா குஷன் பஞ்சாகப் பறக்கும்.

வாயில் எதையாவது கவ்விக்கொள்ளாமல் டைகரால் இருக்க முடியாது. காலுறை என்றால் உயிர். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து ஓடும். பிடுங்கினால் உறுமும், அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டினால் காலுறையைப் பொத்தென்று கீழே போட்டுவிடும். இந்தப் பண்டமாற்றைக் குட்டியிலேயே பழக்கியிருந்தால் உறுமலே வந்திருக்காது என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். மற்றபடி மூன்றில் சொன்ன பேச்சு கேட்பது இதுதான். ஒரு வித்தையை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கேவலியர் அப்படியில்லை. பெரிய வீட்டு மடிகளில் தூங்கி வளர்ந்த இனம். லட்டுவுக்கு அரை மணி, முக்கால் மணி நடை போதும். அப்புறம் யார் உட்கார்ந்தாலும் அவர் காலடியில் வந்து விழும். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே காத்திருக்கும். பார்க்க அழகுதான், இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது: தனியாக இருக்கத் தெரியாது. வந்த புதிதில் குப்பையை வெளியே வைக்கப் போனால்கூட ஊளையிட்டது. முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து என்று அழுகை தொடங்குவதற்குள் திரும்பி வந்து பழக்கினோம். இப்போது மூன்று மணி நேரம் இருக்கும். காலையில் போய் மாலையில் திரும்புகிற வீட்டுக்குக் கேவபூவை நான் சொல்லவே மாட்டேன்.

மால்டிபூ மூன்றிலும் சிறியது. மால்டீஸ் மூன்று, நாலு கிலோ எடைதான்; டாய் பூடிலோடு சேரும்போது குட்டியும் அதே அளவில் நிற்கும். பாட்டியம்மாவின் நாய் அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே குரைத்துவிடும், தபால்காரரின் காலடி அதற்குத் தெரியும். மாடி வீட்டுக்கும் வயதானவர்களுக்கும் தோதான நாய். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். குழந்தை தூக்கிக் கீழே போட்டாலோ, சோபாவிலிருந்து தப்பாகக் குதித்தாலோ அந்த முன்னங்கால் எலும்பு தாங்காது. ரொம்பச் சிறிய குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடக்கூடும். அதனால் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுக்கவேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தாயின் இனத்தை மட்டும் பார்த்து எடையைக் கணிக்காதீர்கள், பூடில் எந்த ரகம் என்று கேளுங்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் கணக்கில் தோள் உயரம் 28 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டாய், 28 முதல் 38 வரை மினியேச்சர். காக்கரின் எடை 13, 14 கிலோ. கேவலியருக்கு இனத் தரம் சொல்லும் எடை சுமார் 8 கிலோ வரைதான். மினியேச்சர் பூடிலுக்குப் பிறந்த காக்கபூவைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், சின்ன நாய் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் தெரியும்.

சரி, முடிக்கு வருவோம். வளர்ப்பதில் பாதி வேலை இங்கேதான்.

முடி கொட்டாது என்பது அரை உண்மை. நாய் என்றால் முடி உதிரும். சுருள் முடிக்காரனிடம் உதிர்ந்தது தரைக்கு வராமல் பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்கிறது. நாமாகச் சீவி எடுக்காவிட்டால் அங்கேயே சிக்கு விழும், சிக்கு சடையாகும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும்போது இது உச்சத்தில் இருக்கும்.

லட்டுவுக்குப் பதினொரு மாதம் ஆனபோது நாங்கள் தினமும் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். மேலே பஞ்சு மாதிரிப் பளபளவென்று இருந்தது. க்ரூமிங் செய்யும் பெண் மேசையில் ஏற்றிவைத்து, பிரஷைத் தொடாமல் எஃகுச் சீப்பை எடுத்தார். முதுகில் ஓடிய சீப்பு காதின் அடியில் வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு கட்டை விரலால் முடியை வகிர்ந்து காட்டினார்: தோலை ஒட்டி ஒரு கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. அக்குளில் ஒன்று, கழுத்துப்பட்டி உராயும் இடத்தில் ஒன்று, பின்தொடை இடுக்கில் ஒன்று. “நீங்க மேல் பூச்சுக்குத்தான் பிரஷ் போட்டிருக்கீங்க” என்றார். சிக்கெடுத்தால் நாய்க்கு வலிக்கும் என்று மொத்தமாக மழித்தார். ஒரு பக்கத்து முடி கிழியாமல் ஆட்டுத்தோல் போலவே கழன்று வந்தது. உரித்த கோழி மாதிரி வந்து நின்ற லட்டுவை வீடியோவில் பார்த்த அம்மா, “யாருடா இது?” என்றார்.

அதிலிருந்து முறை மாறியது. முடியை அடுக்கடுக்காகத் தூக்கி, வேரிலிருந்து ஸ்லிக்கர் பிரஷ் (நெருக்கமான மெல்லிய கம்பிப் பற்கள் கொண்டது), பிறகு எஃகுச் சீப்பு. சீப்பு தடங்கலில்லாமல் போனால்தான் அன்றைய வேலை முடிந்தது. சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டக் கூடாது. ஈரம் பட்டால் சிக்கு இறுகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு, அதற்கு எங்கள் பக்கம் 50 பவுண்டுக்குக் குறைவாக யாரும் கேட்பதில்லை.

இந்த வேலையில் மூன்று பூவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மால்டீஸ் முடி பட்டு போன்றது என்பதால் மால்டிபூவுக்குச் சிக்கு இன்னும் சீக்கிரம் விழும், ஆனால் உடம்பு சிறியது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வித்தியாசம் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்தான் அதிகம். 2009ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, நாய்களின் பெரும்பாலான முடி வகைகளை மூன்றே மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று காட்டியது: ஒன்று தாடி மீசைக்கு, ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு. கலப்பில் இவை எப்படிச் சேரும் என்பது அந்தந்தக் குட்டியின் தலையெழுத்து. ஒன்று நெளிமுடியோடும் ஒன்று கம்பிச் சுருளோடும் வரும். இப்படிப் பிறந்த கலப்பு நாயையே மறுபடி பூடிலோடு சேர்த்துப் பிறந்தவற்றை ‘எஃப்1பி’ என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். உதிர்வு குறையலாம், சுருள் கூடும், உங்கள் சீப்பு வேலையும் கூடும்.

அலர்ஜி விஷயமும் இப்படித்தான். தூண்டுவது முடியல்ல, எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கும் புரதங்கள். 2012ல் நெதர்லாந்தில் நாய் முடியை எடுத்துச் சோதித்தபோது, அலர்ஜி தராதவை என்று பெயர் வாங்கிய இனங்களில் அந்தப் புரதம் குறைவாக இல்லை. இந்தக் கலப்பு மோகத்துக்கு வழிவிட்ட லாப்ரடூடிலின் கதையே இதற்குச் சாட்சி. 1989ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், கணவருக்கு நாய் அலர்ஜி உள்ள ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்று லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டதற்காக வருந்துவதாகக் கான்ரனே 2019ல் சொன்னார். வீட்டில் தும்முகிறவர் யாராவது இருந்தால், வாங்கப்போகும் அதே குட்டியோடு இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பாருங்கள்.

ஆரோக்கியத்துக்கு வந்தால், கலப்பு என்றாலே வலு என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு. 2024ல் லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் காக்கபூ, கேவபூ, லாப்ரடூடில் ஆகியவற்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. 86.6 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. காரணம் எளிது. கலப்பு காப்பாற்றுவது இரண்டு பக்கமும் வேறு வேறு குறை இருந்தால்தான். காக்கருக்கும் பூடிலுக்கும் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரே பரம்பரைக் குறை உண்டு. இரண்டு பக்கமும் அதைச் சுமந்தால் காக்கபூவுக்கும் அது வரக்கூடும். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. மால்டிபூவில் பார்க்கவேண்டியவை முழங்கால் சில்லு நழுவுதலும் பல்லும். பாட்டியம்மாவின் நாய்க்கு ஆறு வயதில் ஏழு பல் எடுத்தாகிவிட்டது. அவர் பல் தேய்த்துவிட்டதே இல்லை.

எனக்கு அதிகப் பயம் கேவபூ விஷயத்தில்தான், சொந்த நாய் என்பதால் மட்டுமல்ல. வயதாகும் கேவலியர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதய வால்வு கெடுகிறது. மண்டையோடு மூளைக்குப் போதாமல் தண்டுவடத்தில் நீர்க்குழிகள் விழும் நோயும் உண்டு. கழுத்தருகே காற்றில் சொறிவது அதன் அடையாளங்களில் ஒன்று. கேவலியரை வழக்கமான முறையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லும் அளவுக்குப் போனது. கேவபூ பாதிக் கேவலியர். லட்டுவுக்கு வருடம் ஒருமுறை மருத்துவர் இதயத்தில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது எனக்குத்தான் படபடக்கும்.

மூன்றுக்கும் பொதுவாக, தொங்கும் காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். நம் சமையலறையும் ஓர் ஆபத்து. சாம்பாரில் வெங்காயம், பாயசத்தில் திராட்சை. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடும். ஆறு கிலோ நாய்க்குக் கொஞ்சம் என்பதே கொஞ்சமல்ல. தீபாவளிக்கு வந்தவர்கள் பாசத்தில் ஊட்டிவிடுவதைத் தடுக்க, “நாய்க்கு எதுவும் தராதீர்கள்” என்று மகள் இன்னொரு தாள் எழுதி ஒட்டினாள். அதைப் படித்துக்கொண்டே வடையை நீட்டினார் அம்மா.

எதை வாங்குவது? வெளியே சுற்றப் பிடிக்கும், பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் காக்கபூ. பகலில் யாராவது வீட்டில் இருப்பார்கள் என்றால் கேவபூ, பெற்றோர் நாய்களின் இதயச் சோதனைச் சான்றிதழோடு மட்டும். ஓடியாடும் குழந்தைகள் இல்லாத சிறிய வீட்டுக்கு மால்டிபூ. என்னை மறுபடி தேர்வு செய்யச் சொன்னால் லட்டுவின் முகத்தைப் பார்த்துக் கேவபூ என்பேன், பார்க்காமல் காக்கபூ என்பேன்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு பார்த்துத்தான் வாங்கவேண்டும். லூசியின் சட்டம் என்று பெயர். குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013ல் மீட்கப்பட்ட லூசி ஒரு கேவலியர். நாங்கள் முதலில் போன வீட்டில் தாய் நாயைப் பார்க்கவேண்டும் என்றதும், “வெளியே நடக்கப் போயிருக்கிறது” என்றார்கள். ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம் என்றோம். தாய் வரவில்லை, நாங்கள் திரும்பினோம். இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்ததுமே தாய்க் கேவலியர் வந்து என் ஷூவை முகர்ந்துவிட்டுக் குட்டிகள் இருந்த அறைக்கு முன்னால் நடந்தது. அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லுமுன்பே இதயச் சோதனைக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.